பெயரை வாலிலிருந்து படியுங்கள்: ஹைட்ரோகார்பன்களுக்குப் பெயரிடும் முறை

கரிம வேதியியலுக்குள் நுழைந்ததும் முதலில் மலைக்க வைப்பது பெயர்கள்தான். "3-எத்தில்-2,2-டைமெத்தில்பென்டேன்" என்ற ஒரே சொல்லைப் பார்த்துவிட்டு, இப்படி எத்தனை பெயர்களை மனப்பாடம் செய்வது என்று புத்தகத்தை மூடி வைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்றைக்கூட மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அந்தச் சொல்லே ஒரு படம் வரைவதற்கான குறிப்பு. எத்தனை கார்பன், அவை எப்படிக் கோத்திருக்கின்றன, எந்த இடத்தில் கிளை பிரிகிறது என்பதெல்லாம் அதற்குள்ளேயே எழுதியிருக்கிறது. படிக்க வேண்டிய திசைதான் வேறு: கடைசியிலிருந்து முன்னோக்கி. இந்தக் கட்டுரையின் முடிவில் அந்தப் பெயருக்குரிய படத்தை நீங்களே வரைந்துவிடுவீர்கள். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். வெறுமனே வாசித்தால் இது கையில் நிற்காது.

நான்கு கைகள்

ஹைட்ரோகார்பன் என்றால் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ள சேர்மம். வேறு எந்தத் தனிமமும் கிடையாது.

கார்பனின் இணைதிறன் 4. அதாவது ஒவ்வொரு கார்பனுக்கும் நான்கு கைகள். நான்கும் எதையாவது பிடித்திருக்க வேண்டும். ஹைட்ரஜனுக்கு ஒரே கை. படம் வரைவதில் நடக்கும் பிழைகளில் பல, ஐந்து கைகளோடு ஒரு கார்பனை வரைந்துவிடுவதால் வருபவை. அதனால் எந்தப் படத்தை வரைந்தாலும், முடித்ததும் ஒவ்வொரு கார்பனிலும் விரலை வைத்து நான்கு கைகளை எண்ணிப் பாருங்கள்.

இந்தக் கட்டுரையில் கார்பனை ● என்று காட்டுகிறேன். இரு அணுக்கள் கைகோத்திருப்பதே பிணைப்பு: ஒரு கை கோத்த ஒற்றைப் பிணைப்புக்கு –, இரண்டு கைகள் கோத்த இரட்டைப் பிணைப்புக்கு =, மூன்று கைகள் கோத்த முப்பிணைப்புக்கு ≡. மீதமுள்ள கைகளிலெல்லாம் ஹைட்ரஜன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், அவற்றை வரைவதில்லை. வேதியியலாளர்களும் பெரும்பாலும் ஹைட்ரஜனை வரையாமல் கார்பன் எலும்புக்கூட்டை மட்டுமே வரைகிறார்கள்.

வால் சொல்லும் சேதி: ஏன், ஈன், ஐன்

மூன்று பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ஈத்தேன், ஈத்தீன், ஈத்தைன். தே, தீ, தை. எழுத்தில் மாறுவது ஓர் உயிர்க்குறி மட்டும்தான். ஆனால் பொருள்கள் முற்றிலும் வேறு.

ஈத்தேன் ●–●. இரண்டு கார்பனுக்கும் நடுவே ஒற்றைப் பிணைப்பு. "ஏன்" என்று முடிந்தால் மூலக்கூறு முழுவதும் ஒற்றைப் பிணைப்புகள்தான். இந்தக் குடும்பத்துக்கு ஆல்கேன்கள் என்று பெயர். இவை நிறைவுற்றவை, இனி ஒரு ஹைட்ரஜனைக்கூடச் சேர்க்க முடியாது.

ஈத்தீன் ●=●. "ஈன்" என்று முடிந்தால் எங்கோ ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. இவை ஆல்கீன்கள். காய்களைப் பழுக்க வைக்கும் தாவர ஹார்மோன் இந்த ஈத்தீன்தான்.

ஈத்தைன் ●≡●. "ஐன்" என்றால் முப்பிணைப்பு. இவை ஆல்கைன்கள். ஆக்சிஜனோடு சேர்த்து எரித்தால் 3000 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் தரும், உலோகங்களை வெட்டவும் பற்றவைக்கவும் பயன்படும் அசிட்டிலீன் என்பது இதுவே.

நினைவில் வைக்க நான் சொல்லிக்கொடுக்கும் வழி ஒன்று உண்டு. ஏன் என்பதில் "ஏகம்" இருக்கிறது, அதாவது ஒன்று. ஈன் என்பதில் "ஈர்" இருக்கிறது, அதாவது இரண்டு. மிஞ்சிய ஐன் மூன்று. ஐ என்றதும் ஐந்து என்று நினைத்துவிடக் கூடாது. கார்பன்களுக்கு இடையே ஐந்து பிணைப்புகள் வரவே வராது. இது நம் மொழியில் தற்செயலாக அமைந்த ஒலிப்பொருத்தம்தான், சொற்பிறப்பு அல்ல. ஆனாலும் தேர்வறையில் கைகொடுக்கும்.

பிணைப்பு கூடக்கூட கார்பன்கள் நெருங்கி வருகின்றன என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒற்றைப் பிணைப்பின் நீளம் சுமார் 154 பிக்கோமீட்டர் (ஒரு பிக்கோமீட்டர் என்பது மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு), இரட்டைப் பிணைப்பு 134, முப்பிணைப்பு 120.

தலை சொல்லும் சேதி: எத்தனை கார்பன்

வாலுக்கு முன்னால் இருப்பது கார்பன் எண்ணிக்கை. பத்து வேர்ச்சொற்கள் போதும்: மீத் 1, ஈத் 2, புரோப் 3, பியூட் 4, பென்ட் 5, ஹெக்ஸ் 6, ஹெப்ட் 7, ஆக்ட் 8, நோன் 9, டெக் 10. இந்த ஒன்றை மட்டும் உருப்போட்டுக்கொள்ளுங்கள். ஐந்திலிருந்து வருபவை கிரேக்க, லத்தீன் எண்ணுப்பெயர்கள் என்பதால் எளிதாகப் பிடிபடும். முதல் நான்கும் எண்ணுப்பெயர்கள் அல்ல. விதிகள் வருவதற்கு முன்பே புழங்கிய பொருட்களின் பெயர்களிலிருந்து வந்தவை. பியூட் என்பது கெட்டுப்போன வெண்ணெயின் வாடைக்குக் காரணமான பியூட்டிரிக் அமிலத்திலிருந்து வந்தது. லத்தீனில் வெண்ணெயைக் குறிக்கும் சொல் அதன் மூலம். புரோப் என்பது புரோப்பியோனிக் அமிலத்திலிருந்து வந்தது. "முதல் கொழுப்பு" என்பது அதன் கிரேக்கப் பொருள்.

இனி தலையையும் வாலையும் ஒட்டினால் போதும். ●–●–● மூன்று கார்பன், ஒற்றைப் பிணைப்பு: புரோப் + ஏன் = புரோப்பேன். எட்டு என்றால் ஆக்டேன். மூன்று கார்பன், ஒரு முப்பிணைப்பு என்றால் புரோப்பைன்.

"ஈத்தீன்" என்ற சொல்லில் ஈ இரண்டு முறை வருவதைக் கவனித்தீர்களா? முதல் ஈ கார்பன்களின் எண்ணிக்கையைச் சொல்கிறது, பின்னால் வரும் ஈ பிணைப்பைச் சொல்கிறது. இடத்துக்கேற்ப வேலை மாறுகிறது. தொடக்கத்தில் பலர் தடுமாறும் இடம் இது.

சங்கிலி நீள நீளக் கொதிநிலையும் ஏறும். மீத்தேன் கழித்தல் 161.5 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். புரோப்பேன் கழித்தல் 42, பியூட்டேன் ஏறத்தாழ சுழியம். பென்டேன் 36 டிகிரியில், ஹெக்சேன் 69 டிகிரியில், ஆக்டேன் 126 டிகிரியில் கொதிக்கும். மூலக்கூறு பெரிதாக ஆக, அண்டை மூலக்கூறோடு ஒட்டிக்கொள்ளும் பரப்பும் பெரிதாகிறது. பிரித்தெடுக்கக் கூடுதல் வெப்பம் வேண்டும். பெயரின் தலையைப் பார்த்தே அது வாயுவா, திரவமா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

ஹைட்ரஜனை எண்ணாமலே எண்ணுவது

ஆல்கேன் சங்கிலியில் ஒவ்வொரு கார்பனும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஹைட்ரஜன்களை வைத்திருக்கும். இரு முனைகளிலும் ஒரு ஹைட்ரஜன் கூடுதல். ஆகவே கார்பன் எண்ணிக்கையை இரட்டித்து 2 கூட்டினால் ஹைட்ரஜன் எண்ணிக்கை கிடைத்துவிடும். பென்டேனுக்கு 5 × 2 + 2 = 12. கிளை பிரிந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இரட்டைப் பிணைப்பு ஒன்று வந்தால் இரண்டு ஹைட்ரஜன் குறையும்: பென்டீனுக்கு 10. முப்பிணைப்பு ஒன்று வந்தால் நான்கு குறையும்: பென்டைனுக்கு 8. இதைப் பெரிய சூத்திரமாகப் பார்க்க வேண்டாம். வரைந்த படம் சரியா என்று சோதிக்கும் கருவியாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதைப் பயன்படுத்தப் போகிறோம்.

கிளைகள் வந்ததும் விதிகள் வந்தன

நான்கு கார்பன்களை நேர்ச் சங்கிலியாகவும் கோக்கலாம். மூன்றை வரிசையாக வைத்து நடுவில் ஒன்றைத் தொங்கவும் விடலாம். இரண்டுக்கும் மூலக்கூறு வாய்ப்பாடு ஒன்றுதான், ஆனால் பொருள்கள் வேறு. இவற்றை மாற்றியங்கள் என்கிறோம். பியூட்டேனுக்கு 2 மாற்றியங்கள், பென்டேனுக்கு 3, ஹெக்சேனுக்கு 5, டெக்கேனுக்கு 75. இருபது கார்பன் ஆல்கேன் என்றால் 3,66,319. ஐசோ, நியோ என்று ஆளுக்கொரு அடைமொழி கொடுத்துச் சமாளிக்கும் பழைய முறை ஹெக்சேனிலேயே திணறிவிட்டது. 1892இல் ஜெனீவாவில் வேதியியலாளர்கள் கூடி முறையான பெயரிடலுக்கு அடித்தளம் போட்டார்கள். 1919இல் தோன்றிய ஐ.யு.பி.ஏ.சி. என்ற பன்னாட்டு ஒன்றியம் அந்தப் பணியை இன்றுவரை தொடர்கிறது.

கிளையாகத் தொங்கும் துண்டுக்கு "இல்" அல்லது "ஐல்" ஈறு. ஒரு கார்பன் கிளை மெத்தில், இரண்டு எத்தில், மூன்று புரோப்பைல், நான்கு பியூட்டைல்.

*முதல் வேலை: நீளமான சங்கிலியைக் கண்டுபிடிப்பது*

இங்கே அவசரப்படாதீர்கள். பெயர் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒரு மாணவி ஒருமுறை ஒரு படத்தைக் கொண்டுவந்தாள். கிடைமட்டமாக நான்கு கார்பன்கள்: ●–●–●–●. இடமிருந்து இரண்டாவது கார்பனுக்குக் கீழே இரண்டு கார்பன்கள் தொங்கின. "நான்கு கார்பன் சங்கிலி, இரண்டாவது இடத்தில் எத்தில் கிளை. 2-எத்தில்பியூட்டேன்" என்று எழுதியிருந்தாள். படத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பென்சில் முனையைத் தொங்கும் துண்டின் அடியில் வைக்கச் சொன்னேன். மேலே ஒன்று, இரண்டு. சந்திப்பில் இருக்கும் கார்பன் மூன்று. அங்கிருந்து வலப்பக்கம் திரும்பினால் நான்கு, ஐந்து. சங்கிலியில் ஐந்து கார்பன்கள்! அவள் சங்கிலியின் தொடக்கம் என்று நினைத்த இடது ஓரக் கார்பன்தான் உண்மையில் கிளை. சரியான பெயர் 3-மெத்தில்பென்டேன்.

தாளில் நேராக வரைந்தது சங்கிலி, வளைந்து போவது கிளை என்று கண் பழகிவிடுகிறது. மூலக்கூறுக்குக் கிடைமட்டமும் தெரியாது, செங்குத்தும் தெரியாது. கார்பனின் நான்கு கைகள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 109.5 டிகிரிக் கோணத்தில் விரிந்திருக்கின்றன. ஒற்றைப் பிணைப்பைச் சுற்றி எல்லாமே சுழன்றுகொண்டும் இருக்கும். உண்மையில் நேர்க்கோட்டில் நிற்கும் ஆல்கேன் சங்கிலி என்று ஒன்று இல்லவே இல்லை. ஆகவே பென்சிலைத் தூக்காமல், போன வழியில் திரும்பாமல், அதிகக் கார்பன்களைக் கடக்கும் பாதை எதுவோ அதுவே முதன்மைச் சங்கிலி. ஒவ்வொரு முனையிலிருந்தும் ஒருமுறை நடந்து பாருங்கள்.

இதிலிருந்து ஒரு குறுக்குச் சோதனை கிடைக்கிறது. வளையமில்லாத ஆல்கேனின் பெயரில் "1-மெத்தில்" என்றோ "2-எத்தில்" என்றோ வந்தால், சங்கிலியைத் தவறாக எடுத்திருக்கிறீர்கள். முனையில் ஒட்டிய மெத்தில் கிளையே அல்ல, சங்கிலியின் நீட்சி.

ஒரே நீளத்தில் இரண்டு பாதைகள் இருந்தால்? அதிகக் கிளைகள் கிடைக்கும் பாதையை எடுங்கள். ஐந்து கார்பன் சங்கிலியில் 2ஆவது இடத்தில் மெத்திலும் 3ஆவது இடத்தில் எத்திலும் இருப்பதாக வரைந்து பாருங்கள். எத்தில் வழியாகப் போனாலும் ஐந்து கார்பன்கள்தான் வரும். ஆனால் அப்போது ஒரே ஒரு பெரிய, சிக்கலான கிளை மிஞ்சும். முதல் பாதையில் இரண்டு எளிய கிளைகள். ஆகவே 3-எத்தில்-2-மெத்தில்பென்டேன். சிறு கிளைகளுக்கு நமக்குப் பெயர் தெரியும் என்பதே இந்த விதியின் வசதி.

*இரண்டாவது வேலை: எண்ணிடுவது*

சங்கிலியை எந்த முனையிலிருந்து எண்ணினால் முதல் கிளைக்குச் சிறிய எண் வருகிறதோ, அங்கிருந்து தொடங்குங்கள். ஆறு கார்பன் சங்கிலியில் இடப்பக்கமிருந்து 2இல் மெத்தில், 4இல் எத்தில் என்றால் எண்கள் 2, 4. வலப்பக்கமிருந்து எண்ணினால் 3, 5. முதலாவதே சரி: 4-எத்தில்-2-மெத்தில்ஹெக்சேன்.

"எண்களைக் கூட்டு, கூட்டுத்தொகை சிறியதாக இருப்பதை எடு" என்று பல இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அது விதி அல்ல. பத்து கார்பன் சங்கிலியில் மூன்று மெத்தில்கள் இருக்கட்டும். ஒரு முனையிலிருந்து 2, 7, 8. மறுமுனையிலிருந்து 3, 4, 9. முதலாவதன் கூட்டுத்தொகை 17, இரண்டாவதன் கூட்டுத்தொகை 16. கூட்டல் கணக்குப்படி இரண்டாவதை எடுக்க வேண்டும். ஆனால் விதி வேறு: இரு வரிசைகளையும் அருகருகே வைத்து, முதன்முதலில் வேறுபடும் இடத்தில் எதில் சிறிய எண் இருக்கிறதோ அதுவே வெல்லும். 2 சிறியது, 3 பெரியது, அங்கேயே முடிந்தது. சரியான பெயர் 2,7,8-டிரைமெத்தில்டெக்கேன்.

எரிபொருளின் தரத்தைக் குறிக்கும் "ஆக்டேன் எண்" என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். அதில் 100 என்று வைத்துக்கொண்ட பொருள் நேர்ச் சங்கிலி ஆக்டேன் அல்ல, 2,2,4-டிரைமெத்தில்பென்டேன். சுழியம் என்று வைத்துக்கொண்டது ஹெப்டேன். பெயரை வாலிலிருந்து படியுங்கள்: ஐந்து கார்பன் சங்கிலி, மூன்று மெத்தில்கள், மொத்தம் எட்டு கார்பன்கள். அதனால்தான் பழைய வழக்கில் ஐசோ ஆக்டேன் என்றார்கள். மறுமுனையிலிருந்து எண்ணினால் 2,4,4 வரும். முதல் எண் இரண்டிலும் 2, இரண்டாவது எண்ணில் 2க்கும் 4க்கும் வேறுபாடு, 2,2,4 வெல்கிறது.

எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் அதே எண்கள் வந்தால், அகரவரிசையில் முதலில் வரும் கிளைக்குச் சிறிய எண்ணைக் கொடுங்கள். ஹெக்சேனின் நடுவே அடுத்தடுத்த கார்பன்களில் எத்திலும் மெத்திலும் இருந்தால் 3-எத்தில்-4-மெத்தில்ஹெக்சேன்.

*மூன்றாவது வேலை: பெயரைக் கோப்பது*

கிளைகளை அகரவரிசையில் எழுத வேண்டும். தமிழில் படிப்பவர்களுக்கென்றே ஒரு கண்ணி இங்கே காத்திருக்கிறது: அது தமிழ் அகரவரிசை அல்ல, ஆங்கில எழுத்துவரிசை. தமிழில் ப முதலில், ம பிறகு. ஆங்கில எழுத்தில் மெத்தில் முதலில், புரோப்பைல் பிறகு. ஆகவே 2-மெத்தில்-4-புரோப்பைல்ஹெப்டேன் என்பதே சரி. தமிழ் வரிசைப்படி புரோப்பைலை முன்னால் போட்டால் தவறு. இப்போதைக்கு இந்த வரிசையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: பியூட்டைல், எத்தில், மெத்தில், புரோப்பைல்.

ஒரே கிளை பலமுறை வந்தால் டை, டிரை, டெட்ரா என்று முன்னொட்டு சேர்க்கிறோம். வரிசைப்படுத்தும்போது இந்த முன்னொட்டுகளைக் கணக்கில் எடுக்கக் கூடாது. டைமெத்தில் என்பது மெத்தில் என்றே வரிசையில் நிற்கும். எத்தனை கிளைகளோ அத்தனை எண்கள் வேண்டும். ஒரே கார்பனில் இரண்டு மெத்தில் இருந்தாலும் 2,2 என்று இருமுறை எழுத வேண்டும். "2-டைமெத்தில்" என்று எழுதுவது அரைகுறை முகவரி.

எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே காற்புள்ளி. எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவே சிறுகோடு. கடைசிக் கிளையின் பெயரும் சங்கிலியின் பெயரும் இடைவெளியின்றி ஒட்டும்: மெத்தில்பென்டேன். அவ்வளவுதான் நிறுத்தக்குறி இலக்கணம்.

இரட்டைப் பிணைப்பும் முப்பிணைப்பும் எங்கே இருக்கின்றன?

நான்கு கார்பன் ஆல்கீனை இரண்டு விதமாக வரையலாம்: ●=●–●–● மற்றும் ●–●=●–●. முதலாவது பியூட்-1-ஈன், இரண்டாவது பியூட்-2-ஈன். இரட்டைப் பிணைப்பு தொடங்கும் கார்பனின் எண்ணை வாலுக்கு முன்னால் வைக்கிறோம். பழைய நூல்களில் 1-பியூட்டீன் என்று எண் முன்னால் இருக்கும். 1993ஆம் ஆண்டின் ஐ.யு.பி.ஏ.சி. பரிந்துரைகள்தான் எண்ணை அது குறிக்கும் ஈற்றின் பக்கத்துக்கே நகர்த்தின. இரண்டும் ஒரே பொருள்தான். இரண்டையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

எண்ணிடுவதில் கிளையைவிடப் பிணைப்புக்கு முன்னுரிமை. ●=●–●–●–● என்ற சங்கிலியில் வலப்பக்கமிருந்து இரண்டாவது கார்பனில் மெத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளைக்குச் சிறிய எண் தரும் ஆசையில் வலப்பக்கமிருந்து எண்ணினால் 2-மெத்தில்பென்ட்-4-ஈன் என்று வரும். தவறு. இடப்பக்கமிருந்து எண்ணி, 4-மெத்தில்பென்ட்-1-ஈன் என்று எழுத வேண்டும்.

முதன்மைச் சங்கிலியைத் தேர்வதில் மட்டும் ஒரு குறிப்பு. இரட்டைப் பிணைப்பையும் முப்பிணைப்பையும் உள்ளடக்கிய சங்கிலியையே முதன்மையாக எடுப்பது பாடப்புத்தக வழக்கம். 2013ஆம் ஆண்டுப் பரிந்துரைகள் இதை மாற்றி, நீளத்துக்கே முதலிடம் கொடுத்தன. பழைய முறையில் 2-எத்தில்பியூட்-1-ஈன் எனப்படுவது புதிய முறையில் 3-மெத்திலிடீன்பென்டேன் ஆகிறது. மெத்திலிடீன் என்பது இரட்டைப் பிணைப்பால் ஒட்டிய ஒரு கார்பன் கிளை. இங்கே இரட்டைப் பிணைப்பு வாலில் இல்லாமல் கிளையின் பெயரில் இருக்கிறது. தொடக்கத்தில் உங்கள் பாடப்புத்தகம் எதைப் பின்பற்றுகிறதோ அதையே பின்பற்றுங்கள். வேறு பெயரைப் பார்த்தால் குழம்பாமலிருக்க இது தெரிந்திருந்தால் போதும்.

இரண்டு இரட்டைப் பிணைப்புகள் இருந்தால் வால் "டையீன்" ஆகும்: ●=●–●=● என்பது பியூட்டா-1,3-டையீன். இரட்டையும் மும்மையும் கலந்து வந்தால் ஈன் முன்னால், ஐன் கடைசியில். ●–●=●–●≡● என்பதற்கு வலப்பக்கமிருந்து எண்ணினால் 1, 3; இடப்பக்கமிருந்து எண்ணினால் 2, 4. எனவே பென்ட்-3-ஈன்-1-ஐன். இரு பக்கமும் சமமாக வந்தால் மட்டும் இரட்டைப் பிணைப்புக்குச் சிறிய எண்: பென்ட்-1-ஈன்-4-ஐன்.

ஒற்றைப் பிணைப்பைப் போல இரட்டைப் பிணைப்பு சுழலாது. அதனால் பியூட்-2-ஈனிலேயே இரண்டு வகை உண்டு. இரு முனை மெத்தில்களும் ஒரே பக்கம் இருந்தால் சிஸ். எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் டிரான்ஸ். முதலாவது ஏறத்தாழ 4 டிகிரியிலும் இரண்டாவது 1 டிகிரியிலும் கொதிக்கின்றன. சிறிய வேறுபாடுதான், ஆனாலும் இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்பதற்கு அது போதும்.

வளையங்கள்

சங்கிலியின் இரு முனைகளும் கைகோத்தால் வளையம். பெயரின் முன்னால் "சைக்ளோ" சேர்த்தால் போதும்: ஆறு கார்பன் வளையம் சைக்ளோஹெக்சேன். முனைகள் இணைவதால் இரண்டு ஹைட்ரஜன் குறைந்து 12 இருக்கும். ஹெக்சீனுக்கும் அதே எண்ணிக்கை என்பதால் வாய்ப்பாட்டை மட்டும் வைத்து வளையமா இரட்டைப் பிணைப்பா என்று சொல்ல முடியாது. ஒரே கிளை இருந்தால் எண் தேவையில்லை: மெத்தில்சைக்ளோஹெக்சேன். இரண்டு இருந்தால் 1-எத்தில்-3-மெத்தில்சைக்ளோஹெக்சேன் என்பதுபோல.

பென்சீன் தனி உலகம். 1825இல் மைக்கேல் ஃபாரடே பிரித்தெடுத்த இதற்கு, 1865இல் கெக்குலே என்ற வேதியியலாளர் வளைய அமைப்பை முன்வைத்தார். ஆறு கார்பன், ஆறு ஹைட்ரஜன். படத்தில் ஒற்றையும் இரட்டையும் மாறி மாறி வரைந்தாலும், ஆறு பிணைப்புகளும் ஒரே நீளம்தான்: 139 பிக்கோமீட்டர், அதாவது ஒற்றைக்கும் இரட்டைக்கும் இடைப்பட்டது. அதனால் பென்சீனை ஆல்கீன் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு மெத்தில் சேர்ந்தால் மெத்தில்பென்சீன், புழக்கத்தில் டொலுவீன். இரண்டு கிளைகள் 1,2 இடங்களில் இருந்தால் ஆர்த்தோ, 1,3 என்றால் மெட்டா, 1,4 என்றால் பாரா என்றும் சொல்வார்கள்.

வால் பொய் சொல்லும் பெயர்கள்

இதுவரை வாலை நம்பச் சொன்னேன். முறையான பெயர்களில் அந்த நம்பிக்கை பெரும்பாலும் வீண்போகாது. புழக்கப் பெயர்களில் அப்படியல்ல. எத்திலீன் என்பது ஈத்தீன். சரி, இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. அசிட்டிலீனும் "ஈன்" என்றுதான் முடிகிறது, ஆனால் அது ஈத்தைன், முப்பிணைப்பு. பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கின் சங்கிலி முழுக்க ஒற்றைப் பிணைப்புகளே. ஈத்தீன் மூலக்கூறுகள் கைகோத்து உருவானதால் மூலப்பொருளின் பெயர் ஒட்டிக்கொண்டது. சோதனைச்சாலையிலும் தொழிற்சாலையிலும் இந்தப் பெயர்கள்தான் நடமாடுகின்றன. ஆகவே இப்படிப்பட்ட சிலவற்றை மட்டும் விதிவிலக்காகத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பெயரிலிருந்து படத்துக்கு

இப்போது தொடக்கத்தில் பார்த்த பெயருக்கு வருவோம்: 3-எத்தில்-2,2-டைமெத்தில்பென்டேன்.

கடைசியிலிருந்து படியுங்கள். "ஏன்": எல்லாம் ஒற்றைப் பிணைப்பு. "பென்ட்": ஐந்து கார்பன்கள். வரையுங்கள்: ●–●–●–●–●. இடமிருந்து 1 முதல் 5 வரை எண் போடுங்கள். "2,2-டைமெத்தில்": இரண்டாவது கார்பனுக்கு மேலே ஒரு கார்பன், கீழே ஒரு கார்பன். "3-எத்தில்": மூன்றாவது கார்பனிலிருந்து இரண்டு கார்பன்கள் தொங்கட்டும். படம் முடிந்தது.

இனி சோதனை. கார்பன்கள் 5 + 2 + 2 = 9. ஆல்கேன் என்பதால் ஹைட்ரஜன் 9 × 2 + 2 = 20 இருக்க வேண்டும். படத்தில் எண்ணுவோம். சங்கிலியின் முதல் கார்பனில் 3. இரண்டாவதில் நான்கு கைகளும் கார்பன்களையே பிடித்திருப்பதால் ஒன்றுமில்லை. மூன்றாவதில் 1, நான்காவதில் 2, ஐந்தாவதில் 3. சங்கிலியில் மொத்தம் 9. இரண்டு மெத்தில்களிலும் சேர்த்து 6. எத்திலில் 5. ஆக 20. கணக்கு பொருந்துகிறது. பெயரில் எத்தில் முன்னால் வந்து டைமெத்தில் பின்னால் வந்ததற்கும் இப்போது காரணம் தெரியும்.

பயிற்சிக்கு ஹெக்சேன்

ஆறு கார்பன் ஆல்கேனின் ஐந்து மாற்றியங்களையும் வரைந்து பெயரிடுங்கள். கீழே படிக்கும் முன் முயன்று பார்ப்பது நல்லது.

வழி இதுதான்: முதலில் ஆறையும் நேராகக் கோத்துவிடுங்கள், அது ஹெக்சேன். பிறகு ஒரு கார்பனைக் கழற்றி ஐந்து கார்பன் சங்கிலியில் கிளையாக ஒட்டுங்கள். 2இல் ஒட்டினால் 2-மெத்தில்பென்டேன், 3இல் ஒட்டினால் 3-மெத்தில்பென்டேன். 4இல் ஒட்டினால் புதிதாக ஒன்று கிடைத்ததுபோலத் தோன்றும். தாளைத் திருப்பிப் பிடித்தால் அது 2-மெத்தில்பென்டேன்தான். அடுத்து இரண்டு கார்பன்களைக் கழற்றி நான்கு கார்பன் சங்கிலியில் ஒட்டுங்கள்: 2,2-டைமெத்தில்பியூட்டேன், 2,3-டைமெத்தில்பியூட்டேன். கழற்றிய இரண்டையும் சேர்த்து எத்திலாக 2இல் ஒட்டினால் என்னவாகும் என்பதை அந்த மாணவியின் படத்தில் பார்த்துவிட்டோம்.

ஐந்தையும் வரிசையாக வைத்து, பக்கத்தில் கொதிநிலைகளை எழுதுங்கள்: ஹெக்சேன் 69, 3-மெத்தில்பென்டேன் 63, 2-மெத்தில்பென்டேன் 60, 2,3-டைமெத்தில்பியூட்டேன் 58, 2,2-டைமெத்தில்பியூட்டேன் 50. ஐந்திலும் 6 கார்பன், 14 ஹைட்ரஜன். கிளைகள் கூடி மூலக்கூறு உருண்டையாக ஆக, ஒன்றோடொன்று ஒட்டும் பரப்பு குறைந்து, கொதிநிலை 69இலிருந்து 50 வரை இறங்கியிருக்கிறது. பெயரில் இருக்கும் அந்தச் சின்ன எண்கள்தான் இந்த 19 டிகிரி வேறுபாட்டைச் சுமந்துகொண்டிருக்கின்றன.